பூசணிப் பிஞ்சு வெம்பி விழுகிறதா? தேனீயை வரவழையுங்கள்

பறங்கி, பூசணி, வெள்ளரியில் பெண்பூவுக்கு அடியில் பிஞ்சு தெரியும். நாலைந்து நாளில் அது மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடும். உடனே மீன் அமிலத்தை (மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்த பயிர் ஊக்கி) தூக்க வேண்டாம். பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். பறங்கியின் மகரந்தம் பிசுபிசுப்பானது, கனமானது, காற்று தூக்காது. விடியலில் விரியும் பூ முற்பகலிலேயே மூடிக்கொள்ளும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும்.

இதற்காகத் தேனீப் பெட்டி வாங்க அவசரப்பட வேண்டாம். பெட்டியில் வளர்க்கும் கொட்டாத கொசுத்தேனீ சில நூறு மீட்டருக்குள்தான் இரை தேடும். பூ இல்லாத மாடித்தோட்டத்தில் கூட்டம் மெலிந்துபோகும். முதலில் பூ வேண்டும்.

இருக்கும் செடிகளையே பூக்க விடுங்கள். துளசியில் கதிர் வந்தால் கிள்ளிவிடுவது வழக்கம். பாதியைக் கிள்ளாமல் விடலாம். கொத்தமல்லியை 15 நாளுக்கு ஒரு தொட்டி என்று விதைத்து, பாதியைச் சமையலுக்குப் பறித்து, மீதியை விட்டுவைத்தால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் பூக்கும். ஒரு தொட்டி முடியும்போது அடுத்தது தயாராக இருக்கும். தும்பை, துத்தி, மூக்குத்திப்பூண்டு ஆகியவற்றை ஓரத்தில் இருக்க விடுங்கள். தேனீ ஒரு நடையில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும் என்பதால், ஒவ்வொரு வகையிலும் ஐந்தாறு செடிகளைச் சேர்த்து வையுங்கள். இதழ் அடர்ந்த செண்டுமல்லியும் குண்டுமல்லியும் நம் கண்ணுக்குத்தான் விருந்து.

கத்தரியின் கதை வேறு. அதன் மகரந்தப்பை நுனியில் உள்ள துளை வழியாகத்தான் தூளை விடும். பூவை அதிரவைத்தால்தான் கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நாம் கருவண்டு என்று விரட்டும் தச்சன் தேனீக்கும், வயிற்றில் நீலப்பட்டை உள்ள சிறு தேனீக்கும் தெரியும். பூவை இறுகப் பிடித்து 'ர்ர்ர்' என்று அதிரும். பக்கத்தில் நின்றால் காதில் கேட்கும். இவை தனித்தனியே வாழ்பவை. நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டும், அதனால் வெயில் படும் மூலையில் ஓரடி இடத்தையாவது கொத்தாமல், இலைதழை மூடாக்கு போடாமல் விடுங்கள். தச்சன் தேனீக்குக் காய்ந்த மூங்கில் போதும். 12–15 மி.மீ. உள்விட்டமுள்ள குழல்களை 20 செ.மீ. நீளத்தில், ஒரு முனையில் கணு இருக்கும்படி வெட்டுங்கள். இலைவெட்டித் தேனீ போல குழலில் கூடு கட்டும் சிறு தேனீக்களுக்கு 6–10 மி.மீ. குழல் போதும். பிசிறு இறக்கையைக் கிழிக்கும், வாயை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். கட்டாகக் கட்டி, மழை படாத இடத்தில், காலை வெயில் பார்த்து, ஆடாமல் பொருத்துங்கள். தொங்கவிட்டால் தேனீ தங்காது. எறும்பு ஏறும் வழியில் கிரீஸ் தடவுங்கள்.

ரோஜா இலையில் வட்டவட்டமாக வெட்டு விழுந்திருந்தால் மருந்தைத் தேடாதீர்கள். இலைவெட்டித் தேனீ கூட்டுக்குள் அறை கட்ட எடுத்துப் போயிருக்கிறது; செடிக்கு ஒன்றும் ஆகாது.

தண்ணீருக்கு ஆழமில்லாத மண் தட்டு. கூழாங்கல் தண்ணீருக்கு மேல் தலைகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ மூழ்கிவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.

மருந்து விஷயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஊடுருவிப் பாயும் பூச்சிமருந்தை வேரில் ஊற்றினாலும் அது பூவின் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேரும். சாயம் பூசிய விதையில் என்ன மருந்து இருக்கிறதென்று பாக்கெட்டில் பாருங்கள். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, பொழுது சாய்ந்த பிறகு, பூவில் படாமல். பூச்சிவலை கட்டிய பந்தலில் காலையில் ஒரு பக்கத்தையாவது சுருட்டிவிடுங்கள்.

தேனீ வந்து பழகும்வரை கையால் சேர்க்கலாம். காலை 6–8 மணிக்குள் ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சுரை, பீர்க்கு, புடலை மாலையில் விரிபவை, அவற்றுக்கு அந்தி மயங்கும் நேரம்.