படுக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டு

ராத்திரி படுப்பதற்கு முன் 5 நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டிய வேலைகளைத் தாளில் எழுதிவிடுங்கள். 'பேங்க் வேலை' என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. 'காலை 9.10 பஸ், ஐந்து ரோடு இறங்கணும், பாஸ்புக், செவ்வாய்ப்பேட்டை மளிகை பாக்கி 340' என்கிற அளவுக்கு இருக்கட்டும்.

முடியாத வேலையை மனசு கிளறிக்கொண்டே இருக்கும். தாளில் ஏறிவிட்டால் அதைக் காவல் காக்கத் தேவையில்லை. 18 முதல் 30 வயதுள்ள 57 பேரை வைத்து அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட 9 நிமிடம் போல முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். பட்டியல் விவரமாக இருந்தவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம். (ஏற்காட்டில் ரூம் போட்டுவிட்டு வந்தாலும், கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போதே திங்கட்கிழமை ஞாபகம் வந்துவிடுகிறது. இந்தச் சீட்டுக்கோ செலவு பழைய பில்லின் பின்பக்கம்தான்.) போனில் வேண்டாம், எழுதப் போய் ரீல்ஸில் முடியும்.

காதல் முறிவு, வீட்டுச் சண்டை, துக்கம் இதற்கெல்லாம் இது உதவாது. அவை வேலைப் பட்டியலில் அடங்குபவை அல்ல. வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் சீட்டை விடுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.