சிறிய ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறீர்களா?

விலையைக் கேட்பதற்கு முன் எந்த வகை கியர்பாக்ஸ் என்று கேளுங்கள். ஆல்ட்டோ கே10, வேகன் ஆர், டியாகோ போன்ற சிறிய கார்களில் வருவது ஏ.எம்.டி. (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) வகை. இது இந்தியாவில் 2014-இல் மாருதியின் செலேரியோ கார் மூலம் பரவலானது. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான்; கிளட்ச் அழுத்துவதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. விலை குறைவதும், மைலேஜ் அதிகம் அடிபடாததும் இதனால்தான். ஆனால் கியர் மாறும்போது வண்டி லேசாகத் தயங்கி, பிறகு இழுக்கும். ஹோண்டா அமேஸில் கிடைக்கும் சி.வி.டி.யில் (படிப்படியாக அல்லாமல் தொடர்ச்சியாக மாறும் கியர்பாக்ஸ்) அந்தத் தயக்கம் இல்லை; அதற்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். நகருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு ஏ.எம்.டி. தாராளமாகப் போதும் என்பேன்.

டெஸ்ட் டிரைவை சமதளச் சாலையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். மேம்பாலத்தின் ஏற்றத்திலோ, அடித்தள வாகன நிறுத்தத்தின் சரிவிலோ நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள். பின்னால் உருள்கிறதா? அப்படியானால் ஹில் ஹோல்ட் (ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் சில நொடிகள் பிடித்து வைக்கும் வசதி) உள்ள மாடலைக் கேளுங்கள். வாங்கிய பின்பும் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தியே வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம், கிளட்ச் தேய்ந்துவிடும். பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.