டிரெஸ்ஸாஜுக்குக் குதிரை வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

டிரெஸ்ஸாஜுக்கு, அதாவது குதிரையை வரையறுத்த அசைவுகளில் நடத்திக் காட்டி மதிப்பெண் வாங்கும் போட்டிக்கு, குதிரை தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த இனம் ஜெயிக்கிறது?" என்பதைத்தான். லண்டன் 2012, ரியோ 2016 ஒலிம்பிக் இரண்டிலும் பிரிட்டன் வீராங்கனை சார்லட் டுஜார்டினுக்குத் தனிநபர் தங்கம் வாங்கித் தந்த வலெக்ரோ, டச்சு வாம்பிளட் என்னும் நெதர்லாந்து விளையாட்டுக் குதிரை இனம். டோக்கியோவிலும் பாரிஸிலும் தங்கம் வென்ற டலேரா, டிராகேனர் பெண்குதிரை. சரி, அதே இனத்தில் ஒன்றை வாங்கிவிட்டால் போதுமா? போதாது. டச்சு வாம்பிளட்டுக்குள்ளேயே தடைதாண்டும் வம்சம் வேறு, டிரெஸ்ஸாஜ் வம்சம் வேறு. தகப்பன் யார், தாயின் தகப்பன் யார் என்று கேட்காமல் இனப்பெயருக்கு மட்டும் பணம் கொடுப்பது வீண்.

இதைவிடப் பெரிய தவறு, டிராட்டில், அதாவது மூலைக்கு மூலைக் கால்கள் ஜோடியாக எழும் மிதமான ஓட்டத்தில், மயங்குவது. விற்பனை வீடியோக்களில் அதுதான் அதிகம் இருக்கும். முன்கால்கள் வீசி எழும், கண் அங்கேயே நின்றுவிடும். பின்கால்களைப் பாருங்கள்: வயிற்றுக்கு அடியில் வந்து ஊன்றுகின்றனவா, பின்னாலேயே தங்கிவிடுகின்றனவா? டிராட்டைப் பயிற்சியால் நிறையவே மெருகேற்றலாம். நடையும், கேன்டர் என்னும் மூன்றடித் தாளப் பாய்ச்சலும் பெரும்பாலும் பிறவியிலேயே வர வேண்டும். குதிரையை மணலில் நிதானமாக நடக்கவிட்டுத் தடத்தைக் கவனியுங்கள். பின்குளம்பு, முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழ வேண்டும். நான்கு அடிகளும் தனித்தனியாக, ஒரே இடைவெளியில் கேட்க வேண்டும். ஒரு பக்கத்து இரண்டு கால்களும் ஏறக்குறைய சேர்ந்தே நகர்ந்தால், டிராட் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் அந்தக் குதிரையைத் தொடமாட்டேன்.

அப்புறம், சவாரி செய்பவரின் நிலை. பெரிய வீச்சுள்ள வாம்பிளட்டின் முதுகில் புதியவரால் உட்காரவே முடியாது. தடுமாறிக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவார்; குதிரையின் முதுகு இறுகிவிடும். இவர்களுக்கு ஸ்பெயினின் ஆண்டலூசியனோ போர்ச்சுகலின் லுசிடானோவோ நல்ல தேர்வு. கச்சிதமான உடம்பு, நின்ற இடத்திலேயே டிராட் போடும் பியாஃப் எளிதாக வரும். நீட்டி ஓடும் டிராட்டில் கொஞ்சம் மதிப்பெண் போகலாம், அவ்வளவுதான். பிடரி அழகுக்காக ஃபிரீசியன் இனக் குதிரை வாங்குகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: வண்டியிழுத்துப் பழகிய வம்சம் அது, கேன்டரில் பல குதிரைகள் திணறும்.

வயது விஷயத்தில் அவசரமும் நிறையக் குதிரைகளைக் கெடுக்கிறது. 3 வயதில் பெரிய குதிரை போலத் தெரிந்தாலும் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்தாறு வயதாகும். வியன்னாவின் ஸ்பானிய சவாரிப் பள்ளியில் லிப்பிசானர் இனக் குதிரைகள் சுமார் 4 வயதில்தான் பயிற்சிக்கு வருகின்றன. முழுப் பயிற்சி முடிய 6 ஆண்டுகள் போல ஆகும். டிரெஸ்ஸாஜின் உச்சநிலைப் போட்டியான சர்வதேச கிராண்ட் பிரீயில் 8 வயதுக்குக் குறைந்த குதிரைக்கு அனுமதியே இல்லை.

கால்நடை மருத்துவர் பார்த்து எக்ஸ்ரே எடுக்கும்வரை முன்பணம் தராதீர்கள். நீங்கள் போய்ச் சேருவதற்குள் குதிரையை ஓட்டிச் சூடேற்றி நிறுத்தியிருந்தால், மறுநாள் சொல்லாமல் போய், லாயத்திலிருந்து வெளியே வரும் முதல் சில அடிகளைப் பாருங்கள். விறைப்பும் நொண்டலும் அங்கேதான் தெரியும்.