மொட்டை மாடிக் கோழிக்கு மண் குளியல்

கோழியை எப்படிக் குளிப்பாட்டுவது என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, மாடியில் மண் வைத்திருக்கிறீர்களா என்றுதான். ஊர்ப்பக்கத்துக் கோழி குப்பைமேட்டில் பள்ளம் பறித்துப் புரண்டு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வடசென்னைத் தண்டையார்பேட்டையில் என் கோழிகளுக்கு வாய்த்தது சிமெண்ட் தளம். அதில் எங்கே புரளும்? அந்தக் குறையை நாம் தீர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கோழி உட்கார்ந்து இறக்கையை விரிக்கிற அளவுக்கு ஒரு அகலமான பிளாஸ்டிக் டப் போதும். சலித்த ஆற்று மணல், காய்ந்த செம்மண், கொஞ்சம் விறகடுப்புச் சாம்பல் கலந்து ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டுங்கள். காசிமேட்டுக் கரை மணல் சும்மாதானே கிடைக்கிறது என்று அள்ளி வராதீர்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு எப்போதும் பிசுபிசுக்கும். எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கத்துச் சாம்பலும் வேண்டவே வேண்டாம். நிலக்கரிச் சாம்பலில் கன உலோகங்கள் உண்டு; புரளும்போது அந்தத் தூசு மூச்சோடு உள்ளே போகும். மேலே ஒரு தகரம் போட்டுவிடுங்கள், ஐப்பசி மழையில் டப் சேறாகிவிடும்.

புரண்டு எழுந்து உதறும்போது அழுக்கும் பேனும் மண்ணோடு உதிரும். அப்புறம் வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டுத் தொட்டு இறகெல்லாம் நீவிக்கொள்ளும். நாம் ஆசையாகச் சோப்புப் போட்டால் போவது அந்த எண்ணெய்தான்.

கூண்டுக்குள் உமி பரப்புங்கள். செங்குன்றம் ரைஸ்மில்களில் மூட்டையாகக் கிடைக்கும். குனிந்து முகர்ந்தால் கண் எரிகிறதா? எச்சத்திலிருந்து அமோனியா கிளம்புகிறது என்று அர்த்தம், அன்றைக்கே மாற்றிவிடுங்கள். கோழிக்கு மூச்சுக்கோளாறு வருவதற்கு முன்பே கீழ்வீட்டு அக்கா படியேறி வந்துவிடுவார். மீன் தலை, குடல் போடுவதையும் குறையுங்கள். அலகும் கழுத்து இறகும் கவிச்சி பிடித்து ஈ மொய்க்கும்.

பேன் பார்க்க நல்ல நேரம் இருட்டிய பிறகு, அடைந்திருக்கும்போது. சத்தமில்லாமல் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எச்சம் போடும் இடத்தைச் சுற்றி இறகை விலக்குங்கள். வைக்கோல் நிறத்தில் ஓடுவது பேன், இறகின் அடியில் வெள்ளையாகக் கட்டியிருப்பது அதன் முட்டை. செள் வேறு ரகம். பகலில் மரச்சட்டத்தின் வெடிப்பில் ஒளிந்துகொண்டு ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும். கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்பாக ஒட்டும். சிலர் கரப்பான் சாக்பீஸைத் தேய்க்கிறார்கள், செய்யாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் பவுடர் கேட்டு வாங்குங்கள், நம் பகுதிக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி தூரமில்லை. ஒரு தடவை போட்டால் முட்டை சாகாது. ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி போட வேண்டும். கூண்டிலும் சேர்த்துத்தான்.

தண்ணீர் தேவைப்படுவது கழிச்சலாகிப் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும்போது. அப்போதும் முழுக்கோழியை நனைக்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பின்பக்கத்தை மட்டும் ஊறவைத்தால் தானாகக் கழன்றுவரும். பிய்த்து இழுத்தால் தோலோடு வரும். காலையிலேயே செய்து வெயிலில் காயவிடுங்கள். இறகு உதிர்ந்து புது முளை வரும் காலத்தில் அதுவும் வேண்டாம், அந்த முளைக்குள் ரத்தம் ஓடும், தொட்டாலே வலிக்கும்.

கால் செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் உள்ளே பூச்சி. வெந்நீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, தேங்காய் எண்ணெயை அழுத்திப் பூசுங்கள். சில வாரம் விடாமல் பூச வேண்டியிருக்கும். அவசரப்பட்டு மண்ணெண்ணெய் தடவினால் தோல் வெந்துவிடும். நகத்தைச் சிமெண்ட் தரையே தேய்த்துவிடுகிறது, அந்தத் தரையால் ஆகும் ஒரே உபகாரம். கூண்டிலேயே கிடக்கும் கோழிக்கு மட்டும் நுனியை நறுக்குங்கள். உள்ளே ரத்தக்குழாய் இருக்கிறது. தப்பித் தவறி ரத்தம் வந்தால் மஞ்சள் தூளை வைத்து ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள்.