தொழிற்சாலை ஆய்வாளருக்காக எழுதப்படும் பதிவேடுகள்: தொழிற்கூடங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைப் பக்கத்து வார்ப்பாலை ஒன்றில் பாதுகாப்புப் பதிவேடுகளை நான் கவனிக்கத் தொடங்கிய முதல் வருடம் அது. ஆய்வுக்கு வந்த அதிகாரி தீயணைப்பான் பதிவேட்டைப் புரட்டினார். பன்னிரண்டு மாதப் பதிவுகளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உலைப் பகுதிக்கு நடந்தார். ஏழாம் எண் தீயணைப்பானுக்கு எதிரே "சரி" என்று பன்னிரண்டு முறை எழுதியிருந்தது. அந்தச் சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. எழுதியவன் நான்.

பல வருடங்கள் கழிந்த பிறகும் அந்த ஆணி என் கண்ணில் நிற்கிறது. உருகிய இரும்பு ஓடும் இடம் அது. அன்று தீப்பிடித்திருந்தால் என் கையெழுத்தை நம்பி ஓடி வந்தவன் வெறும் சுவரைத்தான் தொட்டிருப்பான். அதனால்தான் இதை எழுதுகிறேன். அபராதத்துக்குப் பயந்து பதிவேடு வைத்தால் என்னென்ன தவறுகள் நேருமோ, அவற்றில் பெரும்பாலானவற்றை நானே செய்திருக்கிறேன், அல்லது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

சட்ட நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தனை காலம் நம் தொழிற்கூடங்களை ஆண்டது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. மின்சாரம் பயன்படுத்தும் கூடத்தில் 10 பேர் வேலை செய்தாலே தொழிற்சாலை என்றிருந்த வரம்பு 20 ஆகியிருக்கிறது. மின்சாரம் இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆகியிருக்கிறது. மாறுதல் காலத்தில் பழைய விதிகளே தொடரும் என்று அரசு சொல்லியிருக்கிறது. "சட்டம் மாறிவிட்டது, பழைய நோட்டுகளைக் கட்டிப் பரணில் போடு" என்று சில முதலாளிகள் சொல்வதைக் கேட்டேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இங்கே நான் சொல்லும் பிரிவு எண்கள் 1948 சட்டத்தின் எண்கள், நம் கூடங்களில் எல்லோருக்கும் பழகியவை. எண் மாறினாலும் சங்கிலி அறுந்தால் பாரம் கீழேதான் விழும்.

குறையே இல்லாத பதிவேடு

ஆய்வுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து ஆறு மாதப் பதிவுகளை எழுதுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. அனுபவமுள்ள ஆய்வாளர் அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையிலும் பொங்கல் விடுமுறையிலும் சோதனை நடந்ததாக எழுதியிருக்கும். மாற்றலாகிப் போன சூப்பர்வைசரின் கையெழுத்து அவர் போன பிறகும் தொடரும். இதையெல்லாம் விடப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு: பதிவேட்டில் ஒரு குறைகூட இருக்காது.

உண்மையாக நடந்த சோதனையில் குறை தென்படாமல் இருக்காது. கிரைண்டரின் மூடி தளர்ந்திருக்கும், அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று வேலை செய்யாது, கண் கழுவும் குழாயில் தண்ணீர் வராது. "14ஆம் தேதி பொத்தான் வேலை செய்யவில்லை, இயந்திரம் நிறுத்தப்பட்டது, 15ஆம் தேதி மாற்றப்பட்டது" என்ற ஒரு வரி, நூறு "சரி"களைவிட உங்களைக் காப்பாற்றும். தொழிலாளியையும் காப்பாற்றும். எண்ணெய்க் கறையும் மடங்கிய ஓரமும் உள்ள நோட்டைப் பார்த்து வெட்கப்படாதீர்கள். அது உலைக்குப் பக்கத்தில் இருந்த நோட்டு. தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூச வேண்டாம். எழுதியது தெரியும்படி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்திடுங்கள்.

ஒரு குறையைக் குறித்துவிட்டு அப்படியே விடுவது, குறிக்காமல் விடுவதைவிட மோசம். தெரிந்தும் செய்யவில்லை என்பதற்கு நாமே எழுதிக்கொடுத்த சாட்சி அது. 1982 மே மாதம் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமையிலிருந்து வந்த குழு, போபால் ஆலையைப் பார்த்து நச்சுப்பொருள் வெளியேறக்கூடிய அபாயங்களைக் குறித்து அறிக்கை எழுதியது. 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு வாயு கசிந்தபோது அந்த ஆலையின் குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம், குழாய் பழுதுக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. அறிக்கை கோப்பில் இருந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்முறைகளுக்கென்று தனி அத்தியாயமே 1987இல்தான் சேர்ந்தது, அந்தச் சாவுகளுக்குப் பிறகு. உங்கள் பதிவேட்டில் குறை, பொறுப்பாளர், கெடு, சரிசெய்த தேதி என்று நான்கு கட்டங்கள் இருக்கட்டும். வாரம் ஒரு முறை நான்காவது கட்டம் காலியாக இருக்கும் வரிகளை மட்டும் மேலாளர் முன் வாசியுங்கள்.

கட்டுப் போட்ட கையோடு வருகைப் பதிவு

விபத்துப் பதிவேட்டைப் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. காயத்தால் ஒருவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 88ஆம் பிரிவு. அதைத் தவிர்க்கக் காயம்பட்டவரை மறுநாளே வரவழைத்து, ஸ்டோர்ஸ் அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, வருகை போட்டுவிடுகிறார்கள். விரல் நசுங்கியவன் வலியோடு எட்டு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். பதிவேட்டில் அந்த மாதம் "விபத்து இல்லை".

இந்தப் பொய் அவனைப் பல வருடம் துரத்தும். விரல் மடங்காமல் போய், நிரந்தர ஊனத்துக்கான இ.எஸ்.ஐ. பலன் கேட்டுப் போகும்போது, அந்தக் காயம் வேலையில் ஏற்பட்டது என்பதற்குக் காகிதம் வேண்டும். இ.எஸ்.ஐ.க்கென்று தனி விபத்துப் புத்தகமும் விபத்து அறிக்கையும் இருப்பதை மறக்கிறார்கள். இ.எஸ்.ஐ.க்கு ஒரு தேதி, தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு தேதி, வருகைப் பதிவேட்டில் அன்று முழு நாள் வேலை, மருந்தகச் சீட்டில் இரவு ஒன்பது மணி என்று நான்கு காகிதம் நான்கு கதை சொல்லும். ஆய்வாளர் முதலில் செய்வதே இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். மாதக் கடைசியில் அதை நீங்களே ஒரு முறை செய்து பாருங்கள்.

ஆள் அடிபடாவிட்டாலும் எழுத வேண்டியவை உண்டு. தூக்கும்போது சங்கிலி அறுந்தது, அழுத்தக் கலன் வெடித்தது போன்ற ஆபத்தான நிகழ்வுகள் 88-ஏ பிரிவில் வருகின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று சிரித்துக்கொண்டே கலைந்துபோகும் நாளில்தான் அதிகம் எழுத வேண்டும்.

அலுவலகத்தில் கையெழுத்தான தொட்டி அனுமதி

திருப்பூர், ஈரோடு வட்டாரச் சாயப்பட்டறைகளுக்கும் தோல் பதனிடும் கூடங்களுக்கும் இது மிக நெருக்கமானது. கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன், தகுதி பெற்ற நபர் (சோதித்துச் சான்று தர அங்கீகாரம் உள்ளவர்) தாமே வாயுச் சோதனை செய்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையென்றால் இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கயிறு கட்டி, மறுமுனையை மேலே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும். 36ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது.

நடப்பது என்ன? அனுமதிப் படிவங்களைக் கட்டாக அச்சடித்து, முன்கூட்டியே கையெழுத்து வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதம் என்று எல்லாப் படிவத்திலும் எழுதியிருக்கும். அது வெளிக்காற்றில் இருக்கும் அளவு. தொட்டிக்குள் கருவியை இறக்காமலே எழுதியது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாகச் சேர்ந்தால் முதலில் மூக்கின் உணர்வை மழுங்கடித்துவிடும். "நாற்றமே இல்லை" என்று இறங்கியவன் சுருண்டு விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். நம் மாவட்டங்களில் ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் சாவது இப்படித்தான்.

அனுமதிப் படிவம் தொட்டியின் வாயருகே நிரப்பப்பட வேண்டும். சோதித்த நேரம், கருவியின் எண், மேலே நிற்பவரின் பெயர், வெளியே வந்த நேரம் எல்லாம் அந்த இடத்தில், அந்த நேரத்தில். உணவு இடைவேளைக்குப் பிறகு மீண்டும் இறங்கினால் மீண்டும் சோதனை. கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற சான்றும் அதே கோப்பில் இருக்கட்டும்.

எந்தச் சங்கிலிக்கு இந்தச் சான்று?

பாரம் தூக்கும் சாதனங்களைத் தகுதி பெற்ற நபர் சோதித்துச் சான்று தர வேண்டும். ஹாயிஸ்ட், லிஃப்ட் ஆகியவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கிரேன், செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி), கம்பிக்கயிறு போன்றவற்றுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இந்த இரண்டு காலவரம்புகளைக் குழப்பிக்கொண்டு லிஃப்டையும் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தேதியைவிட எண்ணில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். சான்றில் "2 டன் செயின் பிளாக், ஐந்து" என்று இருக்கும். கூடத்தில் எட்டுத் தொங்கும், எதிலும் எண் இருக்காது. சோதித்த ஐந்து எவை? ஒவ்வொன்றிலும் அடையாள எண்ணைப் பொறித்து, அதே எண்ணைச் சான்றில் போடச் சொல்லுங்கள். தகுதி பெற்ற நபரின் அங்கீகாரம் அந்தத் தேதியில் செல்லுபடியானதா என்று பார்த்து, அதன் நகலையும் சேர்த்து வையுங்கள்.

படிக்க முடியாத தாளில் கையெழுத்து

வடமாநிலத் தொழிலாளர் இல்லாத தொழிற்கூடம் இன்று கொங்கு நாட்டில் அரிது. ஒடிசாவிலிருந்து வந்த இருபது பேருக்குத் தமிழில் அரை மணி நேரம் பேசிவிட்டு, தமிழில் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கினால் அது பயிற்சிப் பதிவு ஆகாது. ஆய்வாளர் அவர்களில் ஒருவரை அழைத்து, "அமிலம் கண்ணில் பட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டுவிட்டால் தாளின் மதிப்பு அங்கேயே முடிந்துவிடும். எந்த மொழியில் சொல்லிக்கொடுத்தோம், மொழிபெயர்த்தவர் யார், சொன்னதைச் செய்து காட்டச் சொன்னோமா என்பதைத் தாளில் எழுதுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளரைப் பதிவேட்டிலிருந்தே விட்டுவிடுவதும் இதே வகைதான். "அவர்கள் காண்ட்ராக்டர் ஆட்கள்" என்ற பதில் ஆய்வாளரிடம் எடுபடாது. வாயில் காவலரின் நோட்டில் 140 பேர் உள்ளே வந்திருக்க, பயிற்சியிலும் மருத்துவப் பரிசோதனையிலும் 85 பெயர்களே இருந்தால் மீதி 55 பேர் யார்?

மருத்துவப் பரிசோதனை என்றதும் வார்ப்பாலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மணல் தூசியால் நுரையீரல் கெடும் சிலிக்கோசிஸும், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள, அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள். முகாம் நடத்தி, எக்ஸ்ரே எடுத்து, உறை பிரிக்காமலே கோப்பில் கட்டிவைத்த இடங்கள் உண்டு. தன் நுரையீரலில் என்ன இருக்கிறது என்பது அந்த மனிதருக்கே தெரியாது. அபாயகரமான தொழில்முறையில் வேலை செய்பவர் தன் மருத்துவப் பதிவைப் பார்க்க 41-சி பிரிவு உரிமை தருகிறது. முடிவை அவருக்குப் புரியும் மொழியில் சொன்ன தேதியையும், தேவைப்பட்டால் வேலையிடத்தை மாற்றிய தேதியையும் எழுதுங்கள். ஆனால் அந்த மருத்துவப் பதிவைப் பிறர் புரட்டும் அலமாரியில் வைக்காதீர்கள்.

சாவி யாரிடம்?

எல்லாம் ஒழுங்காக இருந்தும் ஆய்வு நாளில் தடுமாறியவர்கள் பலர். மேலாளர் விடுப்பில் இருப்பார், அலமாரிச் சாவி அவர் வீட்டில் இருக்கும். அல்லது எல்லாப் பதிவும் ஒரே கணினியில் இருக்கும், கடவுச்சொல் வேலையை விட்டுப்போன பெண்ணுக்கு மட்டும் தெரியும்.

இப்போது நான் இருக்கும் கூடத்தில் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: எந்தப் பதிவேடு எந்தத் தட்டில், யார் பொறுப்பு, அவர் இல்லாவிட்டால் யார், எந்தச் சான்று எந்தத் தேதியில் காலாவதி. ரசாயனங்களின் பாதுகாப்புத் தகவல் தாள்கள் மட்டும் அந்த அலமாரியில் இல்லை. அவை கிடங்கு வாசலிலேயே தொங்குகின்றன. அலமாரியின் இரண்டாவது சாவி இரவு ஷிப்ட் சூப்பர்வைசரிடம் இருக்கிறது.