ஒயின் கிளப்புக்கு டி-ஷர்ட் விற்றுப் பக்க வருமானம்: டர்பனிலிருந்து தொடங்குவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் மாதம் ஒருமுறை கூடி ஒயின் சுவைக்கும் நண்பர் குழுக்கள் நிறைய உண்டு. கிளப் பெயர் போட்ட ஆடை வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அளவு கேட்டு, பணம் வசூலித்து, அச்சகத்துக்கு அலைய ஆள் கிடைப்பதில்லை. அந்த அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொண்டால் அதற்குக் கூலி உண்டு. நம் டர்பன் குடும்பங்கள் பலவற்றில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அம்மாவோ அத்தையோ இருப்பார்கள். துணியைத் தொட்டதும் தரம் சொல்லும் அந்தக் கண் இங்கே பெரிய பலம்.

1. கிளப்பைப் பிடியுங்கள்

பெரிய ஒயின் பண்ணைகளுக்கு ஆடை கொடுப்பவர்கள் ஏற்கெனவே இருப்பார்கள். இருபது, முப்பது பேர் கொண்ட குழுவில் தொடங்குங்கள். கிளப் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சு போதாது, மின்னஞ்சல் நல்லது. ஸ்டெல்லன்போஷ், பார்ல் போன்ற ஒயின் ஊர்களின் பண்ணை லோகோவை அழகாக இருக்கிறதே என்று எடுத்துப் போடாதீர்கள். அவை வணிகச் சின்னங்கள். திராட்சை வகைகளின் பெயரைத் தாராளமாகப் போடலாம். 1925இல் பேராசிரியர் ஆபிரகாம் பெரோல்ட் உருவாக்கிய பினோட்டாஜ் இந்த மண்ணின் சொந்த வகை. அந்த ஆண்டை மட்டும் மார்பில் போட்டாலே விவரம் தெரிந்தவர்கள் முகம் மலரும்.

இன்னொன்று: ஆடை விற்க மது உரிமம் வேண்டாம், ஒயின் விற்க வேண்டும். எனவே ஆடையோடு ஒரு பாட்டில் சேர்த்து விற்கும் யோசனையே வேண்டாம்.

2. துணியும் அச்சும்

என் கருத்தில் இதுதான் உயிர்நாடி. வெள்ளை டி-ஷர்ட்டில் சிவப்பு ஒயின் ஒரு சொட்டு விழுந்தால் கதை முடிந்தது. மெரூன், கறுப்பு, கடல்நீலம் எடுங்கள். டர்பன் புழுக்கத்துக்கு 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பருத்தி போதும். கேப் டவுன் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரும் மழையும் என்பதால் அங்கே கையில்லாத ஜாக்கெட் போகும். ஏப்ரனை மறக்காதீர்கள், எஸ், எம், எல் என்ற அளவுத் தொல்லை அதில் கிடையாது.

அச்சு மூன்று விதம். ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை வேண்டும், அதனால் ஒன்றிரண்டு நிறமும் நிறைய எண்ணிக்கையும் இருந்தால்தான் கட்டுப்படியாகும். படலத்தில் அச்சிட்டுச் சூட்டில் துணியில் ஒட்டும் டிடிஎஃப் அச்சு பத்துப் பதினைந்து ஆடைக்கும் சரிவரும், பல நிறம் தாங்கும். கோல்ஃப் ஷர்ட், தொப்பி, ஏப்ரன் ஆகியவற்றுக்கு எம்பிராய்டரியே கம்பீரம். மெல்லிய டி-ஷர்ட்டில் அடர்ந்த தையல் போட்டால் துணி சுருங்கி இழுக்கும். ரொம்பச் சின்ன எழுத்தும் நூலில் குழம்பிவிடும்.

எதுவானாலும் மாதிரி ஒன்று செய்து, ஐந்தாறு முறை துவைத்துப் பார்த்த பிறகே கிளப்பில் காட்டுங்கள்.

3. பணம் முதலில், துணி அப்புறம்

ஒரு உதாரணக் கணக்கு: டி-ஷர்ட் 80 ராண்ட், அச்சு 45, பை, போக்குவரத்து 15. அடக்கம் 140. விலை 220 வைத்து, கிளப் நிதிக்கு 20 கொடுத்தால் உங்களுக்கு 60. முப்பது பேர் வாங்கினால் 1,800 ராண்ட். ஆனால் அளவு தெரியாமல் பத்து ஆடை கூடுதலாக அடித்து வைத்தால் அடக்க விலையிலேயே 1,400 ராண்ட் முடங்கும், லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அதனால் இருப்பு வைக்கவே வேண்டாம். பெயர், அளவு, நிறம் மூன்றையும் பட்டியலாக வாங்கி, முழுப் பணமோ பாதியோ வந்த பிறகே துணி வாங்குங்கள். அளவு மாதிரிகளைக் கூட்டத்துக்கே கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கச் சொன்னால் பிற்பாடு சண்டை வராது.

இணையத்தில் விற்றால், வாங்கியவர் 7 நாளுக்குள் திருப்பித் தரச் சட்டம் இடம் தருகிறது. அவர் கேட்டபடி தனியாகச் செய்ததற்கு விலக்கு உண்டு. இதை ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

4. நேரமும் விநியோகமும்

ஆண்டு இறுதி விருந்துக்குத்தான் ஆர்டர் குவியும், ஆனால் டிசம்பர் நடுவில் பல பட்டறைகள் மூடிவிடும். அக்டோபரிலேயே பட்டியலை முடியுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை திராட்சை அறுவடைக் காலம், அதற்கு ஜனவரியில் பேசுங்கள். வெளியூர் உறுப்பினர்களுக்குப் பெப் கடைகளின் பாக்ஸி என்ற பார்சல் சேவையில் அனுப்பலாம். அவர்கள் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு ரசீதையும் முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். பக்க வருமானமானாலும் வரித்துறையான சார்ஸுக்குக் காட்டவேண்டிய வருமானம்தான்; துணி, அச்சுச் செலவைக் கழிக்க அந்த ரசீதுகள் கையில் இருக்கவேண்டும்.