முடிச்சுப் போடாத மாலை: பொலிரொட்டாக்சேன் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு மாணவி கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டி, "சேர், வந்திட்டுது!" என்றாள். அடியில் வெள்ளைப் படிவு. ஒருகாலத்தில் நானும் இதே முகத்தோடு நின்றவன்தான். கையுறை, நிறுவை விடயமெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விடுகிறேன்.

படிவைக் கண்டதும் துள்ளுவது

நூலில் மணி கோத்தது போன்ற மூலக்கூறுதான் பொலிரொட்டாக்சேன். நூல், பொலிஎதிலீன் கிளைக்கோல். மணி, ஆறு குளுக்கோஸ் அலகுகள் வளையமாகச் சேர்ந்த ஆல்பா சைக்ளோடெக்ஸ்ட்ரின். இரண்டையும் நீரில் கலந்தால் தாமாகவே கோர்த்துக்கொண்டு வெள்ளையாகப் படியும். ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹராடாவும் கமாச்சியும் 1990இல் காட்டியது இதைத்தான். ஆனால் மணிக்கும் நூலுக்கும் இடையில் இரசாயனப் பிணைப்பு எதுவும் இல்லை. 1992இல் ஹராடா குழுவினர் இரு முனையிலும் பருத்த தொகுதிகளைப் பொருத்திய பிறகுதான் மணிகள் கழன்றோடாத மாலை கிடைத்தது. அந்தப் பருத்த தொகுதிகளைத்தான் முடிச்சு என்கிறேன்.

நான் முடிச்சும் போட்டேன். சித்திரைப் புழுக்கத்தில், அறை வெப்பநிலையில், டிஎம்எஃப் கரைப்பானைத் தாராளமாக ஊற்றிப் போட்டேன். என் முடிச்சான அடமன்டேன் என்ற பருத்த தொகுதி முனையில் ஒட்டுவதற்குள் வளையங்கள் பாதி வழி போயிருக்கும். அப்போது எனக்கு எப்படித் தெரியும்? மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பி, டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, எந்த மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்பதை உச்சங்களாகக் காட்டும் என்.எம்.ஆர். எடுத்தேன். வளையத்தின் உச்சமும் வந்தது, நூலின் உச்சமும் வந்தது. 20,000 மூலக்கூற்று நிறையுள்ள நூலில் ஏறத்தாழ 454 அலகுகள். ஒரு வளையத்துக்கு இரண்டு அலகு என்றால் அதிகபட்சம் 227 வளையம். என் கணக்கில் 180 வந்தது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

குழாய்க்குள் என்னென்ன கிடக்கிறது என்றுதான் அந்தக் கருவி எண்ணியது. கோத்திருக்கிறதா என்று நான் கேட்கவேயில்லை. டிஎம்எஸ்ஓ வேறு, முடிச்சில்லாத மாலையைப் பிரித்துப் போட்டுவிடும். எட்டு மாதம் கழித்து, டிஎம்எஸ்ஓவில் கரைத்ததை நிறையச் சுடுதண்ணீரில் ஊற்றினேன். முடிச்சுள்ள மாலை நீரில் கரையாது, திரும்பப் படிய வேண்டும். என்னுடையதில் ஒரு துளிகூடப் படியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் விசர் வரும், ஏனென்றால் அந்தச் சோதனைக்கு வேண்டியது ஒரு கேத்தில் மட்டும்.

ஆகவே முடிச்சுப் போடும்போது படிவு குழம்பாகவே இருக்கட்டும், கரையவிடாதீர்கள். கரைப்பான் கொஞ்சம், 4 பாகை குளிர், இரவு முழுதும். இடையில் கரண்ட் போனால் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

எக்ஸ்ரே உச்சம்

எக்ஸ்ரே சிதறல் படத்தில் 20 பாகைக் கோணத்துக்கு அருகில் வரும் உச்சம் கோத்ததற்குச் சாட்சி. முடிச்சுக்கு அல்ல.

மலிவான வளையம்

பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் பெரிய வளையம், இந்த நூலுக்குத் தொளதொள. நூல் பொலிபுரோப்பிலீன் கிளைக்கோல் என்றால் சரி.

மாரிக்கால ஈரம்

முடிச்சுப் போட முன் படிவை உலர்த்துங்கள்.

நெருக்கிக் கோப்பது

வளையம் கூடக்கூட நல்லது என்று பெடியள் நினைக்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒக்குமுராவும் இத்தோவும் 2001இல் வெளியிட்ட, இணைப்புகள் வழுக்கி நகரும் ஜெல்லில் வளையங்கள் ஐதாகவே இருந்தன. நகர இடம் வேண்டாமா?

அந்தப் பிள்ளையின் படிவில் கொஞ்சம் எடுத்துச் சுடுதண்ணீர் விட்டோம். கண் முன்னாலேயே தெளிந்துபோனது.

"இப்ப என்ன செய்யிறது, சேர்?"

"பிரிட்ஜில இடம் இருக்கோ எண்டு பாரும், பிள்ளை."